விடுபட்ட பிள்ளை

மருதனார்மடம் சந்தி தாண்டும்போதே பத்மாசினிக்குக் கால்கள் சோர்ந்துவிட்டன. மானிப்பாயிலிருந்து புத்தூருக்குச் சைக்கிள் மிதிப்பது முன்பெல்லாம் அவளுக்குப் பெரிய காரியமாக இருந்ததில்லை. இப்போது ரயர் இரண்டும் ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஓடிக்கொண்டிருந்தன. புதிது வாங்கக் கடைகளில் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் அது.

அவள் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பிக்கிறவள். புத்தூருக்குப் போவது படிப்பிக்க அல்ல, பிள்ளைகளைப் பார்க்க. எண்பத்திரண்டில் அந்த ஊரிலும் அக்கம்பக்கக் குறிச்சிகளிலும் பிறந்த நாற்பது பிள்ளைகளை ஒரு வயது தொடங்கிப் பதினாறு வயது வரை ஆண்டுதோறும் பார்த்து, அவர்களுடைய மனம் எப்படி வளர்கிறது என்று பதிந்து வருவது திட்டம். பேராசிரியர் சண்முகநாதன் தொடங்கியது அது. "ஐந்து வயதுப் பிள்ளையையும் பத்து வயதுப் பிள்ளையையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட்டால் அது படம் எடுப்பது மாதிரி. வளர்ச்சி தெரியவேண்டுமென்றால் அதே பிள்ளையின் பின்னால் ஆண்டுக்கணக்காகப் போகவேண்டும்" என்பார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்து அடுத்த ஆண்டே அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பிள்ளைகளின் பின்னால் போவது பத்மாசினியின் பொறுப்பாயிற்று.

பிள்ளைகளும் போனார்கள். சிலர் கொழும்புக்கு, சிலர் கனடாவுக்கு, சிலர் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் இந்திய இராணுவம் இருந்த காலத்தில் செல் குண்டு விழுந்து செத்தார்கள். பாதிக்கும் குறைவானவர்களே இப்போது மிச்சம். இருப்பவர்கள் பெரும்பாலும் போக வழியில்லாதவர்கள். போனவர்களையும் இருப்பவர்களையும் ஒரே மாதிரிப் பிள்ளைகள் என்று சொல்லமுடியாது. எனவே மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு புத்தூர்ப் பிள்ளைகள் இப்படி வளர்கிறார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் ஆவணி பிறந்தால் சைக்கிளை எடுத்தாள்.

அன்று அவள் போன முதல் வீடு மகாதேவியுடையது. மகாதேவியின் கணவன் நாலு வருடத்துக்கு முன் ஜேர்மனிக்குப் போனவன். ஒரே மகள் அருந்ததி. மகாதேவியின் தமையன் பரமலிங்கம் அடுத்த வளவில் வெங்காயமும் புகையிலையும் செய்தார்.

அந்த ஆண்டுக்குரிய சோதனை ஒரு கதை. ஒரு பெண்பிள்ளையின் தகப்பனுக்குக் கடும் வருத்தம். அதற்கான மருந்து ஒரேயொரு கடையில் இருக்கிறது. கடைக்காரர் கொடுக்க மறுக்கிறார். மகள் களவாக எடுத்துவிடுகிறாள். அவள் செய்தது சரியா, பிழையா? ஏன்? சரி என்பதோ பிழை என்பதோ முக்கியமில்லை. அந்த "ஏன்" என்பதற்குப் பிள்ளை என்ன சொல்கிறது என்பதில்தான் அதனுடைய நியாய உணர்வு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும். அப்படித்தான் கோட்பாடு சொல்லியது.

அருந்ததி விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்று கேட்டாள். ஒல்லியான பிள்ளை. கதை முடிந்ததும், "எந்தக் கடையிலை ரீச்சர் இப்ப மருந்து இருக்கு?" என்றாள்.

"இது கதை பிள்ளை. இருக்கெண்டு நினைச்சுக்கொள்ளு."

அவள் யோசித்தாள். குசினிக்குள் மகாதேவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது.

"எடுக்கத்தான் வேணும்" என்றாள் அருந்ததி.

"ஏன்?"

"அப்பாவெல்லோ. அப்பாவுக்கு வருத்தமெண்டால் ஆரும் போகத்தானே வேணும். இல்லாட்டி அவர் செத்துப்போவார்."

பத்மாசினி அதை எழுதிக்கொண்டாள். கடதாசித் தட்டுப்பாட்டால் பழைய சோதனைத் தாள்களின் வெறும் பக்கத்தில்தான் எழுதுவது.

பிள்ளையைத் தண்ணீர் அள்ள அனுப்பிவிட்டு மகாதேவி வெளியே வந்தாள். "ரீச்சர், உதாலை ஒருக்கா வாறியளே?" என்று வேலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முருங்கை நிழலில் நின்று, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கதைத்தாள்.

"அவருக்கு அங்கை சுகமில்லை. சிறுநீரகம் பழுதாப்போச்சாம். தனிய இருக்கிறார். வரச்சொல்லி அறிவிச்சிருக்கினம்."

"எப்பிடிப் போறது?"

"ஒரு ஆள் பொறுப்பெடுக்கிறார். மொஸ்கோ போய், அங்காலை எல்லையெல்லாம் நடையாம். குளிர். பிள்ளையளைக் கொண்டுபோக மாட்டினமாம்." பிள்ளை வருகிறாளா என்று கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். "அண்ணையாக்களோடை விட்டிட்டுத்தான் போகவேணும். பேந்து கூப்பிடலாம் எண்டு சொல்லுகினம். எத்தினை வருசம் எண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை."

பத்மாசினி கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் ஒரு வயசிலையிருந்து அவளைப் பாக்கிறியள். என்னைவிட உங்களுக்குத்தான் அவளின்ரை மனம் தெரியும். சொல்லுங்கோ ரீச்சர். நான் போனால் அவள் தாங்குவாளோ?"

இந்தக் கேள்வியை எந்தத் தாயும் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. அவள் படித்த துறையின் பாதி இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

"அந்த முதல் வருசம் ஒரு சோதனை வைச்சனீங்களெல்லோ" என்றாள் மகாதேவி. "தாயை வெளியிலை போகச்சொல்லிப்போட்டு. அதிலை அவள் என்னெண்டு வந்தவள்?"

வாசிகசாலையின் பின்னறையில் நடந்தது அது. தாயும் பிள்ளையும் விளையாட்டுச் சாமான்களோடு இருப்பார்கள். அறிமுகமில்லாத ஒரு பெண் உள்ளே வருவாள். தாய் எழும்பி வெளியே போவாள். மூன்று நிமிடம் கழித்துத் திரும்பி வருவாள். பிள்ளை அழுததா என்பதல்ல, தாய் திரும்பி வந்தபோது அது என்ன செய்தது என்பதே கணக்கு. தாயிடம் ஓடிப்போய் ஆறுதல் அடைந்து மறுபடி விளையாடப் போகும் பிள்ளைக்குப் பிணைப்பு உறுதியானது என்று பொருள். அந்தச் சோதனை புத்தூரில் சரியாக நடக்கவேயில்லை. சித்தி, பெரியம்மா, மாமி என்று பல கைகளில் வளர்ந்த பிள்ளைகள். வந்த அந்நியப் பெண்ணின் மடியில் பாதிப் பேர் தாங்களாகவே ஏறி இருந்துவிட்டார்கள். தாய் வெளியே போனதைச் சிலர் கவனிக்கவும் இல்லை. முறையை இந்த ஊருக்கு ஏற்றபடி மாற்றலாமா என்று பத்மாசினி கேட்டாள். மாற்றினால் மற்ற நாடுகளோடு ஒப்பிடமுடியாது என்று பேராசிரியர் மறுத்துவிட்டார்.

"அருந்ததிக்கு அந்தச் சோதனை முடியேல்லை மகாதேவி" என்றாள் பத்மாசினி. "அவள் அழத் தொடங்கினவுடனை நீர் ஓடிவந்து தூக்கிப்போட்டீர். மூண்டு நிமிசம் பொறுக்கேல்லை. அதாலை அவளுக்கு முடிவு ஒண்டும் இல்லை."

மகாதேவிக்கு அது நினைவிருந்தது.

"அப்ப இவ்வளவு காலமும் வந்து பாத்ததிலை ஒண்டும் தெரியாதோ?"

"கனக்கப் பிள்ளையளைச் சேத்துப் பாத்து, பொதுவா இப்பிடி நடக்கும் எண்டு சொல்லலாம். ஒரு பிள்ளையைத் தனிய எடுத்து, இவள் இப்பிடித்தான் இருப்பாள் எண்டு சொல்லேலாது. சொன்னால் அது நான் உமக்குச் சொல்லுற பொய்."

"எனக்கு ஒரு பிள்ளைதானே இருக்கு" என்றாள் மகாதேவி.

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முருங்கைப் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்கள் இடைக்கிடை வந்து அவளைப் பாப்பியளோ?" என்று கேட்டாள்.

பத்மாசினி அதற்கும் சரி என்று சொல்லவில்லை. அவள் போய்வந்தால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் இருக்கமாட்டாள், பார்க்கிற ஆளே பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு பகுதியாகிவிடுவாள் என்று விளக்கினாள். விளக்கும்போதே தன் குரல் வகுப்பறைக் குரலாக மாறுவது காதில் கேட்டது. "வருசம் ஒருக்கா வழமைபோல வருவன். ஒண்டு மட்டும் சொல்லுறன். நித்திரையிலை விட்டிட்டுப் போகாதையும். அவளுக்குச் சொல்லிப்போட்டுப் போம்."

"ஓம்" என்றாள் மகாதேவி.

புரட்டாதி முடிய அவள் குடாநாட்டைவிட்டு வெளியேறும் வழியான கிளாலிக் கடலைத் தாண்டிப் போனாள். போகிறேன் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பரமலிங்கம் மானிப்பாய்க்கு வந்தது தை மாதத்தில், தைப்பொங்கல் கழிந்து. படலைக்குள் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். நல்ல உடம்புக்காரர். தோட்டக்காரருக்குரிய கறுத்த பெரிய கைகள். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"தங்கச்சியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை ரீச்சர். மொஸ்கோவிலை நிக்கிறா எண்டு கடைசியாக் கேள்விப்பட்டது கார்த்திகையிலை. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை."

"அருந்ததி?"

"அதுக்குத்தான் வந்தனான். உவள் கதைக்கிறாளில்லை. மனிசி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுறாள். ஏதும் கேட்டால் பயந்தமாதிரிப் பாக்கிறாள். பள்ளிக்கூடத்திலையும் அப்பிடித்தானாம். கேள்வி கேட்டால் எழும்பி நிண்டு பேசாமல் நிக்கிறாளாம். அடிச்சும் பாத்தாச்சாம். இப்ப பள்ளிக்கூடம் போகவே மாட்டனெண்டு நிக்கிறாள்." அவர் தொண்டையைச் செருமினார். "நீங்கள்தானே பிள்ளையளின்ரை மனம் படிச்சனீங்கள்."

"நான் டொக்டர் இல்லை அண்ணை."

"டொக்டரிட்டையும் காட்டினாங்கள். சத்து மாத்திரை தந்தவர்."

மறுநாள் பத்மாசினி பல்கலைக்கழகத்தில் தன் துறையில் மார்க்கண்டுவைக் கண்டாள். புள்ளிவிபரவியல் படிப்பிக்கிற அவர்தான் அவளுடைய ஆய்வின் கணக்குகளைப் பார்ப்பவர்.

"ஒரு பிள்ளையை மாதிரியிலையிருந்து எடுத்துவிடப் போறன்" என்றாள்.

"ஏன், ஊரைவிட்டுப் போட்டாளோ?"

"இல்லை. நான் போய்ப் பாக்கப் போறன். கிழமைக்குக் கிழமை."

மார்க்கண்டு கண்ணாடியைக் கழற்றினார். "மிச்சமிருக்கிறதே கொஞ்சப் பேர், பத்மாசினி. இதுக்கு மேலை குறைஞ்சால் ஒரு கணக்கும் செய்யேலாது."

"ஓம். தெரியும்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருடைய இரண்டு மகன்களும் ரொறொன்ரோவில் இருந்தார்கள். அவருக்கும் களைப்புத்தான்.

முதல் சில கிழமைகள் ஒன்றும் நடக்கவில்லை. பத்மாசினி சனிக்கிழமைகளில் போனாள். அருந்ததி வெங்காயப் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருப்பாள். இவளும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்திப் பிடுங்குவாள். கேள்விகள் இல்லாமல் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பத்து ஆண்டுகளாக இந்த ஊருக்கு வந்தும், எதையாவது கேட்காமல் ஒரு தரமும் திரும்பிப் போனதில்லை. இடுப்பு நொந்தது. வீட்டுக்கு வரும் வழியில், இதனால் என்ன பயன் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். பரமலிங்கத்தின் மனைவி, அருந்ததியின் மாமி, தரும் தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்துவிட்டு வெயிலில் மிதித்து வருவாள். வந்து சமைக்கவும் பிடிக்காமல் கடைப் பாணைத் தின்றுவிட்டு இருந்துவிடுவாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அருந்ததி வாயைத் திறந்தாள். புல்லை விட்டுத் தலை நிமிரவில்லை.

"இண்டைக்கு என்ன கேள்வி?"

"கேள்வி ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"சும்மா. உன்னைப் பாக்க."

பிள்ளை நம்பவில்லை. அடுத்த கிழமையும் அதையே கேட்டாள், அதே பதில் கிடைத்தது. அதற்கு அடுத்த கிழமை, பாத்தியின் கடைசி வரை போய் வரம்பில் இருந்தபோது, "நான் போன முறை பிழையாச் சொல்லிப்போட்டன் ரீச்சர்" என்றாள்.

"என்னத்தைப் பிள்ளை?"

"அந்தக் கதை. மருந்து எடுக்கிற கதை. எடுக்கத்தான் வேணும் எண்டு சொன்னன். அப்பாவுக்கு வருத்தமெண்டால் ஆரும் போகத்தானே வேணும் எண்டு சொன்னன். அம்மா குசினிக்குள்ளை நிண்டு கேட்டவ. பிறகு நீங்களும் அம்மாவும் வேலிக்கரையிலை நிண்டு கதைச்சனீங்கள். பிறகு அம்மா போட்டா." அவள் கையில் கிடந்த மண்ணை உதிர்த்தாள். "பிழை எண்டு சொல்லியிருந்தால் நிண்டிருப்பா. இப்ப எல்லையிலை செத்துப்போனாவோ தெரியாது."

கேள்வி கேட்டால் இந்தப் பிள்ளை ஏன் பயந்தாள் என்பது பத்மாசினிக்கு இப்போது விளங்கியது. ஒரு மறுமொழி பிழையானதற்குத் தாய் போய்விட்டாள் என்றால், இனி யாருக்கு எதைச் சொல்வது? பேசாமல் இருப்பதுதானே பத்திரம்.

"அம்மா அதுக்கு முதலே போறதெண்டு யோசிச்சிட்டா" என்றாள். "நீ சொன்னதாலை இல்லை."

"அப்ப என்னட்டை ஏன் கேட்டனீங்கள்?"

"எல்லாப் பிள்ளையளிட்டையும் அதைத்தான் கேட்டனான்."

"அவையளின்ரை அப்பாமாருக்கும் வருத்தமே?"

சொல்லிச் சொல்லி நம்பவைக்க முடியாது என்று பத்மாசினி கண்டாள். வளர்ந்தவர்கள் சமாதானம் சொல்லுவார்கள் என்பது பத்து வயதில் தெரிந்துவிடும். அவள் எழும்பிச் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"வா, ஒரு இடத்துக்குப் போவம்."

அதே ஒழுங்கையில் முருகேசு என்பவருடைய வீடு இருந்தது. அவருடைய மகள் பவானியும் ஆய்விலிருந்த பிள்ளை. அருந்ததியோடு ஒரே வகுப்பு. ஒரு பிள்ளை சொன்னதை இன்னொரு பிள்ளைக்குக் காட்டுவது ஆய்வில் செய்யவே கூடாத காரியம். மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள். படலையைத் திறக்கும்போது அந்த எண்ணம் வந்தது. வந்து போனது.

பவானி முற்றத்தில் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"பவானி, ஆவணியிலை நான் ஒரு கதை சொன்னனான், ஞாபகமிருக்கே? மருந்துக் கதை."

"ஓம் ரீச்சர்."

"நீ என்ன சொன்னனீ?"

"எடுக்கத்தான் வேணும் எண்டு சொன்னனான்." பவானி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிழையே ரீச்சர்?"

"பிழை இல்லை. சரியுமில்லை. சும்மா கேட்டனான்."

அருந்ததி பவானியைப் பார்க்கவில்லை. அவளுடைய கண் வீட்டின் பின்பக்கம் போயிற்று. அங்கே பவானியின் தாய் உலக்கையால் மா இடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டுவிட்டு, "வாங்கோ ரீச்சர், இருங்கோ, வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி இடிக்கத் தொடங்கினாள். அருந்ததி அந்த உலக்கை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது அருந்ததி ஒழுங்கை நடுவில் நின்றாள்.

"அவளும் அதைத்தான் சொன்னவள்."

"ஓம்."

"அவளின்ரை அம்மா போகேல்லை."

"போகேல்லை."

வீட்டுக்கு வந்து அருந்ததி விறாந்தையில் இருந்தாள். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். கோப்பையை வாங்கியவள் அதை நிலத்தில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். சத்தமாக, மூச்சு முட்ட அழுதாள். தாய் போன நாளிலும் அவள் அழவில்லை என்று மாமி பிறகு சொன்னாள். மாமி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அழு ராசாத்தி, அழு" என்று முதுகைத் தடவினாள். பரமலிங்கம் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, வாசலில் நின்றபடி என்ன செய்வதென்று தெரியாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்மாசினியும் எழும்பவில்லை. அன்று அவள் இருட்டுவதற்கு முன்தான் புறப்பட்டாள்.

எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. அருந்ததி பள்ளிக்கூடம் போகத் தொடங்கப் பங்குனி முடிந்தது. அதன் பின்னும் சில நாட்கள் பேச்சு நின்றுபோகும். சித்திரையில் மகாதேவி ஜேர்மனி போய்ச் சேர்ந்த சேதி ஒரு கொழும்பு வியாபாரி மூலம் வந்தது. கணவனுக்கு இரத்தம் சுத்திகரிக்கிறார்கள், ஆள் இருக்கிறார் என்றும் வந்தது. அருந்ததி அதைக் கேட்டுவிட்டு, "நடந்தே போனவ?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஆவணியில் பத்மாசினி மிஞ்சியிருந்த வீடுகளுக்குப் போனாள். புதுச் சோதனை எதையும் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும், "நான் ஏன் வருசா வருசம் வந்து கேள்வி கேக்கிறன் எண்டு நீ நினைக்கிறாய்?" என்று கேட்டாள். தகப்பன் எங்கே என்று உளவு பார்க்க என்றான் ஒருவன். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்து வெளிநாட்டுக்கு அனுப்ப என்று ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள், தான் தேறவில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, செத்துப்போன தம்பியைப் பற்றி என்றைக்காவது ரீச்சர் கேட்பார் என்று காத்திருந்ததாகச் சொன்னாள். பத்மாசினி எழுதாமல் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் உண்மையான காரணத்தைச் சொன்னாள். அதில் நேரம் போயிற்று. சிலருக்கு விளங்கியது.

பேராசிரியருக்கு ஆய்வை நிறுத்துகிறேன் என்று அறிவித்தாள். மிகவும் வருந்துவதாகவும், பத்து ஆண்டுத் தரவு வீணாகக்கூடாது என்றும் அவர் பதில் போட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் பதில் எழுத அவளுக்குக் கை ஓடவில்லை.

அருந்ததியைக் கூப்பிடத் தாய்க்கு இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. குடாநாட்டைவிட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கப் பரமலிங்கம் அலைந்த அலைச்சலில் ஆள் பாதியாகிவிட்டார். தொண்ணூற்றைந்து மாசியில்தான் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து இரண்டாம் நாள் மானிப்பாய்க்கு வந்தார்.

"அனுப்பிப்போட்டன் ரீச்சர்" என்றார், சைக்கிளை விட்டு இறங்குமுன்னே.

"எப்பிடிப் போனவள்?"

"நல்லாத்தான் போனவள். வவுனியாவிலை நிக்கேக்கை வடிவாச் சாப்பிட்டவள். பஸ்ஸிலை முழுக்க நித்திரை. எயார்போட்டிலை எனக்குத்தான் ஏலாமல் போச்சு. அவள் என்ரை கையைப் பிடிச்சு, மாமா, நீங்கள் மாமியைப் பாருங்கோ, நான் போய் அப்பாவைப் பாக்கிறன் எண்டாள்." அவர் துவாயை எடுத்தார், ஆனால் முகத்தைத் துடைக்கவில்லை. "பிறகு உள்ளுக்குப் போட்டாள். திரும்பிப் பாத்தவள். சிரிச்சவள்."

"அழேல்லையோ?"

"கொஞ்சம். பிறகு சரி."

பத்மாசினி அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, வெங்காயம் கிண்ட ஆட்கள் வருகிறார்கள் என்று புறப்பட்டார்.

வெளியே நல்ல வெயில். அன்று அவளுக்கு வகுப்பு இல்லை. திருத்த வேண்டிய தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. அவள் தேத்தண்ணிப் பேணிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளறையில் பாயை விரித்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடுவோம் என்றுதான் படுத்தாள். எழும்பும்போது பொழுது பட்டிருந்தது.